குறையாத வீக்கம்

ஃபுட்பால்ல அடி, முட்டியில வீக்கம், ஐஸ் கட்டி, வலி ஸ்ப்ரே, ஒரு வாரத்துல ஓகே. நம்ம ஹாஸ்டல் வைத்தியம் இதுதான். பெரும்பாலும் அது போதும். ஆனா அடிபட்ட வீக்கம்னா குறையணும். மாசக்கணக்கா குறையாம மெதுவா வளர்ற கட்டின்னா கதை வேற. அப்படிப்பட்ட கட்டிகளில் வெகு சில, சைனோவியல் சார்கோமா.

மூட்டின் உள்ளுறையான சைனோவியத்திலிருந்து வருகிறது என்று நினைத்து வைத்த பெயர் இது. அது தப்புன்னு பின்னாடி தெரிஞ்சும் பெயர் மாறல. எக்ஸ் குரோமோசோமும் 18-வது குரோமோசோமும் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் இரண்டு ஜீன்கள் ஒட்டிப்போவதுதான் தொடக்கம். அடிபட்டதால் வருவதில்லை. பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்காரர்களுக்கு, முழங்கால் பக்கம் அதிகம். சிலருக்கு வலியே இல்லாம வருஷக்கணக்கா இருக்கலாம், அதான் வில்லங்கம்.

"சின்னக் கொழுப்புக் கட்டிதான், எடுத்துடலாம்" என்று ஸ்கேன் இல்லாமல் வெட்டினால், மிச்சமிருக்கும் புற்றுசெல்கள் அக்கம்பக்கத்தில் பரவிவிடும். அப்புறம் இன்னும் பெரிய ஆபரேஷன். முதல்ல எம்ஆர்ஐ, அடுத்து ஊசி பயாப்ஸி, அதுக்கப்புறம்தான் கத்தி. ஊசி போன பாதையையும் பிறகு வெட்டி எடுக்க வேண்டி வரலாம். அதனால ஆபரேஷன் செய்யப்போற சர்ஜனைக் கேட்டே ஊசி போடணும்.

ஆபரேஷனில் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்தே எடுப்பார்கள். முன்பெல்லாம் காலையே எடுப்பது சகஜம். இப்ப பெரும்பாலும் கால் தப்பிச்சிடுது. அதுக்குத் துணை கதிர்வீச்சு. ஆபரேஷனுக்கு முன் என்றால் வழக்கமாக 25 தவணை, ஐந்து வாரம்: டோஸ் குறைவு, ஆனா புண் ஆறத் தாமதமாகலாம். பின் என்றால் டோஸ் அதிகம், நாளடைவில் கால் விறைக்கலாம். நம்ம டிசைன் கிளாஸ் மாதிரியே, ஒண்ணை வாங்க இன்னொண்ணை விடணும்.

கட்டி பெரிதாக இருந்தாலோ நுரையீரலுக்குப் பரவியிருந்தாலோ டாக்ஸோரூபிசின், ஐஃபோஸ்ஃபமைடு கீமோ. முதலாவது இதயத்தைப் பாதிக்கும், அதனால் ஆயுளுக்கே டோஸ் வரம்பு உண்டு.

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்டிஏ டெசெல்ரா என்ற சிகிச்சையை அனுமதித்தது. நோயாளியின் டி-செல்களை எடுத்து, ஜீனை மாற்றி, புற்றுசெல்லை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப ஏற்றுகிறார்கள். சோதனையில் 44 பேரில் சுமார் 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. கீமோ எடுத்தும் நோய் அடங்காத, திசு வகை பொருந்துகிற பெரியவர்களுக்கு மட்டும்தான் இது.

இன்னொண்ணு, வீட்டுல யாரும் வாயெடுக்க மாட்டாங்க. கீமோ குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம். விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிக்கறதுன்னா முதல் டோஸுக்கு முன்னாடியே செய்யணும். டாக்டர் சொல்லலைன்னா நீங்களே கேளுங்க.