வெடிச்சத்தமும் குடும்ப ஜெபமும்

பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் எம். புதுப்பட்டிப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான். காலையில் வேன் ஏறிய அம்மா, சாயங்காலம் அலுமினியப் பவுடர் மினுங்கும் கையோடு திரும்புவாள். ஓடிவரும் பிள்ளையிடம், "தொடாத, குளிச்சிட்டு வாரேன்" என்பாள். அது அவசியம். ஆனால் குளித்ததும் அடுப்பு, அப்புறம் ஜெபம், அப்புறம் தூக்கம் என்று பொழுது போய்விட்டால் அந்த அணைப்பு பாக்கியாகவே நின்றுவிடும். குளித்த கையோடு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசுங்கள். உலை காத்திருக்கட்டும்.

அணைப்பைத் தேடும் பிள்ளைக்குள் பயமும் இருக்கும். 2023 அக்டோபர் 17 அன்று பக்கத்தில் ரெங்கபாளையத்தில் நடந்த பட்டாசு விபத்தில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த வட்டாரத்தில் தூரத்தில் சத்தம் கேட்டால், வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு "எங்க அம்மா ஆபீஸா?" என்றுதான் மனசு பதறும்.

அந்தப் பயத்துக்குக் கிறிஸ்தவ வீடுகளில் சட்டென்று வரும் பதில், "பயப்படாத, ஏசப்பா பாத்துப்பாரு." நல்ல வார்த்தைதான். ஆனால் பிள்ளை சொல்லி முடிக்கும் முன்பே அதைச் சொன்னால், பயப்படுவதே தப்பு என்று அது எடுத்துக்கொள்ளும். அடுத்த தடவை வாய் திறக்காது. அடக்கிய பயம் வயிற்றுவலியாகவும், ராத்திரி படுக்கை நனைவதாகவும், தொட்டதற்கெல்லாம் வரும் கோபமாகவும் வெளிப்படலாம். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். அழுகிறவர்களோடு முதலில் அழுதார்; அற்புதம் பிறகுதான். நம் வீட்டிலும் முதலில் கேட்பது, பிறகு ஜெபிப்பது. "ஆண்டவரே, இன்னைக்குச் சத்தம் கேட்டு பாப்பா பயந்துட்டா" என்று பிள்ளையின் பயத்தையும் சொல்லி ஜெபியுங்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. நீதிமொழிகளில் வரும் பிரம்பு மட்டும் நினைவில் நின்றால் போதாது. தகப்பன் எரிச்சல் மூட்டினால் பிள்ளை மனம் சோர்ந்துபோகும் என்று பவுல் கொலோசெயர் 3:21-இல் எச்சரிக்கிறார். வேலை அலுப்பில் ஓங்கும் கை கண்டிப்பு ஆகாது.

பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? அதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் பெற்றோர் அருகில் இல்லாத பிள்ளைகளை வளர்த்தார். எல்லாரையும் ஒரே கூடத்தில் அடைக்கவில்லை. சின்னச் சின்னக் குடும்பங்களாகப் பிரித்து, பார்த்துக்கொள்ள அக்காள்மார்களை வைத்தார். பிறந்தநாளுக்குப் பதிலாக, பிள்ளை அங்கே வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். "நீ வந்தது எங்களுக்குச் சந்தோஷம்" என்று சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆபீஸ் வேலைக்குப் போகும் வீடுகளிலும் பிள்ளைக்கு இப்படி நிலையான ஒருவரை வைக்க முடியும்: சாயங்காலம் வரை ஆச்சியோ சித்தியோ, தெரிந்த ஓர் ஆள் தினமும் இருக்கட்டும். இன்று ஒருவர், நாளை ஒருவர் என்றால் பிள்ளை யாரிடமும் ஒட்டாது.

விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை உங்கள் சபையில் இருந்தால், அடக்க ஆராதனையோடு விட்டுவிடாதீர்கள்; மாதங்கள் கடந்தும் போய்ப் பாருங்கள். கூடுதல் உதவி தேவைப்பட்டால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான அந்த இலவச எண் இரவும் பகலும் இயங்குகிறது.