உஷ்ஷ்... மைசூரு லைவ்ல இருக்கு!

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. இனி இருமுவதற்குக்கூட அனுமதி இல்லை!

செயற்கைக்கோள் வகுப்புகள் களைகட்டிய நாட்களில், மைசூரு அப்துல் நசீர் சாப் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தின் ஸ்டூடியோவுக்குள் நுழைகிறோம். கர்நாடகம் முழுக்க போர்வெல் போடவைத்து, ‘நீர் சாப்’ என்று செல்லப்பெயர் வாங்கிய அமைச்சர்தான் அந்த நசீர் சாப். அவர் பெயரிலுள்ள கட்டடத்திலிருந்து இப்போது வானத்துக்குப் பாடம் போகிறது.

வகுப்பெடுக்க வந்த அதிகாரியைப் பாருங்கள், பாவம்! மாவட்டத்தையே மிரட்டுபவர் கேமராவைக் கண்டதும் தண்ணீர் கேட்கிறார். நெருக்கக் கோடு போட்ட சட்டை கூடாது, திரையில் கோடுகள் நெளியும். பின்னால் பச்சைத் திரை என்றால் பச்சைப் புடவையும் ஆகாது. அம்மணியின் தலை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கண்ணாடி வளையல் மேஜையில் உரசினால் மைக்குக்குத் திருவிழாதான்.

எதற்கு இத்தனை பாடு? 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்ததும், கர்நாடகத்தில் மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். பலருக்கு அதுவே முதல் பதவி. இத்தனை பேரையும் எந்த மண்டபத்தில் உட்காரவைப்பது? பயிற்சியாளருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து என்று போனால், மைசூருவில் வைத்த சாம்பார் ஊர் போய்ச் சேரும்போது வெந்நீராகிவிடும். எனவே ஒரே ஆசிரியர், ஒரே நேரத்தில், எல்லாத் தாலுகாவிலும்!

படம் போகும் வழிதான் கிறுகிறுக்க வைக்கிறது. வளாகத்து டிஷ்ஷிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே இறங்குகிறது. எடுத்துக்கொள்வது கால் நொடி. சரி, தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா கேள்வி கேட்க வேண்டும் என்றால்? அதற்கும் ராக்கெட்டா? இல்லை, சாதாரண டெலிபோன்! ஒருவழிப் படம், இருவழிக் குரல் என்பதுதான் ஏற்பாடு. கோடிக்கணக்கில் செலவழித்த அமைப்பின் மறுமுனையில் டிரிங் டிரிங் என்று ஒரு கம்பி போன். எனக்கு இதுதான் உச்சகட்டக் காட்சி.

போன் வந்ததும் கன்ட்ரோல் ரூம் பரபரக்கிறது. அக்காவின் குரல் போனில் உடனே வந்துவிடும். அது வானத்தைச் சுற்றிவந்து அவர் எதிரிலுள்ள டிவியில் சற்றுத் தாமதமாகக் கேட்கும். தன் குரலே தன்னைத் துரத்த, அவர் பாதியில் நின்றுவிடுவார். “அம்மா, டிவி சவுண்டைக் குறைங்க!” என்று இங்கிருந்து கெஞ்சல். குறைத்தபின் பாருங்கள், வரி வசூல், வீட்டுத் திட்டப் பட்டியல், வராத தண்ணீர் என்று கொட்டும். நேரலை ஆயிற்றே, அதிகாரி கோப்பைத் தள்ளிவைப்பதுபோல் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது!

இயற்கைக்கும் இதில் ஒரு வேடம் உண்டு. இஸ்ரோ 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை ஏவியது. அதன் கேயூ அலைவரிசைக்குக் கனமழை என்றால் ஆகாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சில நிமிடங்களுக்குத் திரையெல்லாம் புள்ளி. நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம் என்பதால், சூரியன் வரும்போது டீ பிரேக்!

இப்போது எல்லாம் கைபேசியில். 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘மிஷன் கர்மயோகி’யின் ஐகாட் தளத்தில் அரசு ஊழியர்கள் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், முடித்தால் கர்மப் புள்ளிகளும் உண்டு. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பதிவுசெய்த பாடத்தின் நடுவே, “அதெல்லாம் சரிங்க சார், எங்க செக்ரட்டரி கையெழுத்தே போட மாட்டேங்கிறாரே?” என்று கேட்டுப் பாருங்கள். திரையிலுள்ள ஆசிரியர் சிரித்த முகத்தோடு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்.