இருமலே இல்லை, மாத்திரை எதற்கு?



நமது அறக்கட்டளையிடம் மருத்துவ உதவி பெறுவோரில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களும், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களும், பல மாதங்களாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் உள்ளனர். "இருமலும் இல்லை, சளியும் இல்லை, நெஞ்சுக்கு ஏன் மாத்திரை?" என்று அவர்களுடைய வீட்டார் எங்களிடம் கேட்பதுண்டு. செலவை நினைத்து அதை நிறுத்திவிடுவோரும் உண்டு. அது ஆபத்து.

அந்த மாத்திரை பெரும்பாலும் கோட்ரைமாக்சசோல். 'நியூமோசிஸ்டிஸ்' என்ற பூஞ்சைக் கிருமி காற்றின் வழியே பரவுவது. எதிர்ப்புச் சக்தி உள்ளவரை அது ஒன்றும் செய்வதில்லை. சக்தி குறைந்தவருக்கோ கடும் நிமோனியாவாகி உயிரையே பறிக்கலாம். வறட்டு இருமல், காய்ச்சல், நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் சிடி4 அணுக்கள் 200க்குக் கீழே போனால் இம்மாத்திரை அவசியம். எத்தனை மாதம் சாப்பிடுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் உடனே அவரிடம் காட்டுங்கள். மாற்று மருந்து உண்டு. ஸ்டீராய்டையும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

வீட்டார் கவனிக்க வேண்டியவை:

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள உரிமை. ஆனால் நமக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் நேரில் போக வேண்டாம். போனில் ஸலாம் சொல்லி துஆ செய்வோம்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.

புறா எச்சம் கூட்டுவது, ஒட்டடை அடிப்பது, சுவர் இடிப்பது போன்ற வேலைகள் நடக்கும் இடத்தில் நோயாளி இருக்க வேண்டாம். அவர் அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ரமலானில் நோன்பு வைக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள். நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக்காக மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

மாத்திரை வாங்க வசதியில்லை என்றால் கூச்சப்படாமல் மருந்துச் சீட்டுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்வோம். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக, ஆமீன்.