ஆடுகிறது படகின் படி! முடுக்கினால் மட்டும் போதுமா?

நெய்வேலியில் கடல் கிடையாது. ஆனால் நட்டு, போல்ட்டைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இன்று மண்ணை வாரும் ராட்சதச் சக்கர எந்திரங்களில், ஒரே ஒரு வாளி 700 லிட்டர் கொள்ளும். இன்னும் பெரியதில் 1,400 லிட்டர். மேலே இருப்பது சாதாரண மண் அல்ல. கடலூர் மணற்பாறை! அதை வாளிகள் கடிக்கும்போது எந்திரம் முழுவதும் அதிர்கிறது. அதிர்ந்தால் போல்ட் தளரும். தளர்ந்தால் முடுக்கவேண்டும்.

"அவனுக்கு மறை கழன்று விட்டது" என்று நாம் கேலி பேசுகிறோம். எந்திரத்துக்கு மறை கழன்றால் அது கேலி அல்ல.

நெய்வேலியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கிழக்கே போனால் கடலூர் கடற்கரை. அங்கே மணலில் வரிசையாகப் படகுகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை கட்டுமரங்கள். கயிற்றால் கட்டியவை. அவற்றுக்குப் போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் பைபர் படகுகள்! பைபர் வந்ததும் கூடவே போல்ட்டும் வந்தது.

இங்கேதான் ஒரு வித்தியாசம். சுரங்கத்தில் தளர்ந்த போல்ட்டை முடுக்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பழைய படகில் முடுக்கினால் வேலை முடியாது. சில சமயம் ஆபத்து மறைந்து கொள்ளும். ஏன்?

தோசைக்குள் மசாலா

படகின் பின்பலகையைப் பாருங்கள். வெளியே பைபர், உள்ளே பைபர். நடுவில் மரப்பலகை. இரண்டு தோசைக்கு நடுவே மசாலா வைத்தது போல! எந்திரத்தின் பாரத்தைத் தாங்குவதற்காக அந்த மரத்தை வைக்கிறார்கள். அதில் துளை போட்டுத்தான் போல்ட் மாட்டுகிறார்கள்.

உல்லாசப் படகுகளில் பின்பலகைக்கு வெளியே நீட்டிக் கொண்டு ஒரு படி இருக்கும். நீந்துகிறவர்களும் முக்குளிக்கிறவர்களும் தண்ணீரிலிருந்து படகில் ஏறுவதற்கான படி அது. அதன் அடியில் இரண்டு இரும்புத் தாங்கிகள். பார்த்தால் சமையலறை அலமாரிப் பலகையைத் தாங்கும் முக்கோணம் போலிருக்கும்.

மீன்பிடிப் படகில் இந்தப் படி இல்லை. ஆனால் அதே இடத்தில் எந்திரம் தொங்குகிறது. ஆகவே இரண்டு படகுக்கும் வியாதி ஒன்றுதான், வைத்தியமும் ஒன்றுதான்.

தாங்கி எவ்வளவு பாரம் சுமக்கிறது தெரியுமா? ஒரு கணக்குப் போடுவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், பின்பலகையிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் படியில் நிற்கிறார். தாங்கியின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர். அப்படியானால் மேல் போல்ட்டை வெளியே இழுக்கும் பாரம் 140 கிலோ! ஆள் எடையைப் போல இரு மடங்கு. இரண்டு தாங்கிகளும் சரியாக இருந்தால் இதைப் பங்கு போட்டுக் கொள்ளும். ஒன்று தளர்ந்தால் மற்றதன் தலையில் முழுப் பாரமும் விழும். அலை தூக்கிப் போட்டால் இன்னும் அதிகம்.

படி பிய்த்துக் கொண்டால் ஏறுகிற ஆள் தண்ணீரில் விழுவார். பக்கத்தில்தான் எந்திரத்தின் விசிறி இருக்கிறது. அது மட்டுமா? போல்ட் இருந்த இடத்தில் துளை. அந்தத் துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் படகே தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும்.

தண்ணீரின் குணம் நெய்வேலிக்குத் தெரிந்ததே. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. இராப்பகலாகப் பம்பு வைத்து இறைக்கிறார்கள். இறைக்காவிட்டால் சுரங்கம் தாங்காது. நூலிழை போன்ற இடைவெளி இருந்தாலும் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். படகிலும் அப்படித்தான். போல்ட்டின் ஓரமாகப் புகுந்து நடுமரத்தை ஊற வைக்கிறது. மரம் உளுத்துப் போகிறது. பிடிப்பு இல்லாமல் போல்ட் ஆடுகிறது. ஆட ஆட இன்னும் தண்ணீர்!

அம்மாவின் பரீட்சை

மரம் உளுத்திருக்கிறதா என்று எப்படி அறிவது? சந்தையில் பானை வாங்கும் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறார்கள் அல்லவா? அதே பரீட்சைதான். சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் பின்பலகையைத் தட்டிக் கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கெட்டியான சத்தம் வரும். உளுத்த இடத்தில் 'தொப், தொப்' என்று கேட்கும். அங்கே சாக்குக் கட்டியால் வட்டம் போட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

பிறகு படகைக் கரைக்கு இழுத்துத் தாங்கியைக் கழற்றுங்கள். போல்ட்டை வெளியே எடுத்து அதன் இடுப்பைப் பாருங்கள். துருப்பிடிக்காது என்று பேர் வாங்கிய எவர்சில்வர் போல்ட் கூட, காற்றுப் படாத ஈர மரத்துக்குள் வருஷக்கணக்கில் கிடந்தால் அரித்துப் போகும். தலை பளபளக்கும், இடுப்பு இளைத்திருக்கும். அதைத் தூர எறியுங்கள். பழைய போல்ட்டைத் துடைத்து மாட்டுவது சிக்கனம் அல்ல.

துளைக்குள் கம்பியை விட்டுக் குடையுங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நல்ல காலம். காப்பிக் கசடு போலக் கறுத்து, ஈரமாக வந்தால் மரம் போய்விட்டது.

தீக்குச்சி வைத்தியம் வேண்டாம்

வீட்டுக் கதவின் கீல் ஆடினால் நாம் என்ன செய்கிறோம்? திருகாணித் துளையில் தீக்குச்சியைச் செருகித் திருகுகிறோம். கதவுக்கு அது சரி. படகுக்கு அது எமன். இன்னும் பருமனான திருகாணி போடுவதும் அதே கதைதான். உளுத்த மரத்தில் எதைத் திருகினாலும் பிடிக்காது.

உளுத்தது கொஞ்சமாக இருந்தால் அதை முழுவதும் சுரண்டி எடுங்கள். பலகை நன்றாக உலர வேண்டும். அவசரம் கூடாது. ஒரு நாள் வெயில் போதாது. பல நாள் ஆகும். பின்பு போல்ட்டை விடப் பெரிய துளையாகப் போட்டு, ஒரு பக்கம் ஒட்டு நாடாவால் அடைத்து, எப்பாக்ஸிக் கலவையைக் கெட்டியாகக் குழைத்து நிரப்ப வேண்டும். வீட்டில் ஒழுகும் குழாயை இரண்டு பசைகளைப் பிசைந்து அடைக்கிறோமே, அதன் அண்ணன் இது. கல்லாக இறுகியதும் அதன் நடுவில் போல்ட் அளவுக்குப் புதுத் துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மரம் அல்ல, எப்பாக்ஸி. இனி தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொட முடியாது.

இந்த ஒரு வேலைக்காகத்தான் மற்ற எல்லாப் பாடும்!

உளுத்தது பெரிய இடமாக இருந்தால் கை வைக்காதீர்கள். பைபரை அறுத்து, புது மரம் வைத்து, மேலே பல அடுக்கு பைபர் போட வேண்டும். அது படகுப் பட்டறைக்காரர் வேலை. பட்டறையில் பாலியெஸ்டர் ரெசினை இறுக வைக்க ஹார்டனர், கோபால்ட் என்ற இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்றை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் மற்றதை ஊற்றுவார்கள். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும்! குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. பைபரைத் தேய்க்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது வெளிப்பக்கத் துளையின் விளிம்பைக் கொஞ்சம் சரிவாகச் செதுக்குங்கள். நீர் புகாத பசை அங்கே வளையமாக உட்காரும். உள்பக்கம் சின்ன வாஷர் போதாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை வைத்து, அதன்மேல் நட்டைப் போடுங்கள். பாரம் பரவலாக விழும். நட்டு அதிர்வில் கழலாதபடி நைலான் வளையம் வைத்த நட்டாக இருக்கட்டும். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, மாற்றி மாற்றி முடுக்குங்கள். பசை ஓரமெல்லாம் சமமாகப் பிதுங்கினால் நிறுத்திவிடலாம். முழுப் பலத்தையும் காட்டினால் பசை அத்தனையும் வெளியே வந்துவிடும்.

பசை காய்ந்த பிறகு படகைத் தண்ணீரில் இறக்குங்கள். முதல் நாள் உள்ளே இருக்கும் நட்டுகளுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை ஒட்டி வையுங்கள். போய்த் திரும்பியதும் அதை எடுத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஸ்பானரைப் பெட்டியில் வைக்கலாம். ஓரத்தில் ஈரம் தெரிந்தால், இருட்டுவதற்குள் படகை மறுபடி கரைக்கு இழுங்கள்.