இரட்டை எஞ்சின் படகின் மறுவாழ்வு

ஒன்றைப் புதிதாகப் படைப்பவருக்குக் கிடைக்கும் புகழ், படைத்ததைப் பழுதறப் பேணுபவருக்குக் கிடைப்பதில்லை. எனினும், உலகம் நிலைபெறுவது பேணுவோரின் உழைப்பினால்தான். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டவல்லது பழைய மரப் படகொன்றைச் சீரமைக்கும் பணி. அப்பணியின் நுணுக்கங்களை, இங்கிலாந்தின் காஸ்போர்ட் துறைமுகத்தில் பேணப்பட்டு வரும் ‘மெடூசா’ என்னும் இரட்டை எஞ்சின் படகை முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

படகின் வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது துறைமுகங்களை நீர்மூழ்கிக் கப்பல்களிடமிருந்து காப்பதற்கென, 72 அடி நீளமுள்ள காவல் படகுகள் நானூறுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அன்றைய இந்தியக் கடற்படையும் பர்மாவின் அரக்கான் கரையோரத்தில் இவ்வகைப் படகுகளைப் பயன்படுத்தியது. இவ்வினத்தைச் சேர்ந்த 1387ஆம் எண் படகு, 1943ஆம் ஆண்டு பூல் நகரில் கட்டப்பட்டது. 1944 ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கியபோது, கண்ணிவெடிகள் நிறைந்த கடலில் கப்பல்கள் செல்லவேண்டிய நான்காம் வழித்தடத்தை அடையாளங்காட்டி நின்றது இச்சிறு படகே. போருக்குப் பின் கடலளவைப் பணிக்கு மாற்றப்பட்டு, ‘மெடூசா’ என்னும் பெயரும் பெற்றது. 1960களில் கடற்படை இதனைக் கைவிட, ஆர்வலர்கள் ஏற்றுக் காத்தனர். 2006 முதல் 2010 வரை நடைபெற்ற பெருஞ்சீரமைப்பிற்குப் பின் மீண்டும் கடலேறியது.

இரண்டு எஞ்சின்கள் ஏன்?

மெடூசாவில் எட்டு உருளைகள் கொண்ட கார்ட்னர் டீசல் எஞ்சின்கள் இரண்டு உள்ளன. ஒன்று நின்றாலும் மற்றொன்று கரை சேர்க்கும் என்பது முதற் பயன். ஒற்றைச் சுழலி படகின் பின்புறத்தைச் சற்றே ஒருபக்கம் இழுக்கும்; எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரு சுழலிகளோ அவ்விழுப்பை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் இயக்கினால், படகு ஏறத்தாழ நின்ற இடத்திலேயே திரும்பும்.

ஆயின், இரண்டு எஞ்சின்கள் இருப்பதனாலேயே பாதுகாப்பு இரட்டிப்பாகி விடாது. இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து டீசல் பெறுமாயின், கடல் கொந்தளிக்கும்போது அத்தொட்டியின் அடியில் படிந்த கசடு கலங்கி இரண்டு வடிகட்டிகளையும் ஒருங்கே அடைத்துவிடும். துணை எஞ்சின் மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அது கைவிடும். ஆதலின், பழைய படகைச் சீரமைப்போர் தொட்டிகளைத் திறந்து கழுவுவதையும், ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி எரிபொருள் வழி அமைப்பதையும் முதற்பணிகளுள் வைத்தல் வேண்டும்.

மரமும் நீரும்

இப்படகின் உடல் மகாகனிப் பலகைகளால் ஆனது. இரண்டு அடுக்குகள் எதிரெதிர்ச் சாய்வில் அமைய, இடையே எண்ணெயில் தோய்த்த துணி வைக்கப்படுவது இக்கட்டுமான முறையின் இயல்பு. அதற்குப் பயன்பட்ட ‘காலிகோ’ என்னும் பருத்தித் துணியின் பெயர் நமது கோழிக்கோட்டிலிருந்து பிறந்தது என்பது அறிந்து மகிழத்தக்கது.

மரப் படகிற்குக் கடல்நீரைக் காட்டிலும் மழைநீரே பெரும்பகை எனின் வியப்பாகத் தோன்றலாம். உப்பு மரத்தைப் பூஞ்சையிடமிருந்து ஓரளவு காக்கிறது. மேல்தள இடுக்குகளின் வழியே கசியும் நன்னீரோ காற்றோட்டமில்லா மூலைகளில் தங்கிவிடும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைக் கடந்தால் பூஞ்சை வேர்கொள்ள வழி பிறக்கும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே மரம் உளுத்திருக்கும். எனவே தேர்ந்த தச்சர் கண்ணை மட்டும் நம்பார். சிறு சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்பார். கணீரென ஒலித்தால் நலம்; மந்தமாக ஒலித்தால் அங்கே ஊசிமுனையால் குத்திப் பார்ப்பார். உளுத்த பகுதியை வெட்டும்போது, நல்ல மரம் தென்படும் எல்லைக்கும் சற்று அப்பால் வரை வெட்டி நீக்குவார்.

உலோகங்களின் பகை

வேறுபட்ட இரு உலோகங்கள் ஒன்றோடொன்று இணைந்து கடல்நீரில் இருக்கும்போது, ஒருவகை மின்கலம் உருவாகி, வலுக்குறைந்த உலோகம் கரையத் தொடங்குகிறது. வெண்கலச் சுழலிக்கும் எஃகுச் சுக்கானுக்கும் இடையே நேர்வது இதுவே. இதனைத் தடுக்கத் துத்தநாகக் கட்டிகளை இணைப்பர்; அவை தாம் கரைந்து ஏனையவற்றைக் காக்கும். பாதியளவு கரைந்ததும் அவற்றை மாற்றிவிட வேண்டும். இதிலும் அளவு தேவை. மரப் படகில் துத்தநாகம் மிகையானால், காக்கப்படும் உலோகத்தைச் சூழ்ந்து காரத்தன்மை பெருகி, மரமே மெலிந்துபோகும். அளவுக்கு மிஞ்சிய காவலும் கேடாய் முடியும் என்பதற்கு இது தக்க சான்று.

எஞ்சினை எழுப்புதல்

நெடுநாள் உறங்கிய எஞ்சினை மின்விசையால் திடுமெனச் சுழற்றுதல் தகாது. உருளைகளுள் இளக்கெண்ணெய் இட்டுச் சில நாள்கள் பொறுத்து, கையால் மெல்லத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மசகெண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்பது பொருள். ஓடத் தொடங்கியபின் புகையே நோயைச் சொல்லும். கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும்; நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும்; வெண்புகை எரியாத டீசலையோ நீராவியையோ காட்டும்.

சுழலித் தண்டை எஞ்சினோடு நேர்கோட்டில் பொருத்துவது மிக நுட்பமான வேலை. கரையில் தாங்குகட்டையின்மீது நிற்கும் படகின் வடிவம் வேறு. நீரில் மிதக்கும்போது அதன் வடிவம் வேறு. ஆகவே நீரில் இறக்கிச் சில நாள்கள் கழித்து, பலகைகள் ஊறிப் படிந்த பின்னரே இறுதி அளவைக் காண்பர். இணைப்புத் தட்டுகளின் இடைவெளி வேறுபாடு, தட்டின் விட்டம் ஐந்து அங்குலமாயின், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டலாகாது என்பது பொதுவிதி.

அதே படகுதானா?

பலகைகளும் எஞ்சின் உறுப்புகளும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபின் எஞ்சுவது பழைய படகுதானா என்னும் வினா எழும். தெசியசின் கப்பலைப் பற்றிக் கிரேக்க அறிஞர்கள் இவ்வாறே வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். சீரமைப்போர் இதற்குச் செயலால் விடையளிக்கின்றனர். அகற்றும் ஒவ்வொரு பலகையையும் அளந்து, படமெடுத்து, குறிப்பெழுதி, அதே வகை மரத்தில் அதே முறையில் புதியது செய்து பொருத்துகின்றனர். மரம் மாறினாலும், அதனை வளைத்துப் பொருத்தும் கைத்திறன் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது. தொடர்ச்சி என்பது அதுவே.

இதற்கு இவ்வளவு பொருட்செலவு தேவையா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. எல்லாப் படகுகளையும் காத்தல் இயலாது, காக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஓர் இனத்தின் கடைசிப் படகும் அழிந்தால், அதனைக் கட்டிய அறிவும் உடன் அழியும். வரைபடம் எஞ்சலாம்; மரத்தைத் தட்டிக் கேட்கும் செவி எஞ்சாது.

நம் கடற்கரைகளிலும் மரப் படகுகளின் இடத்தைக் கண்ணாடி நாரிழைப் படகுகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. மீனவர்க்கு அவை எளியன, பயன் மிக்கன. அம்மாற்றத்தைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் ஏரா, வங்குக்கால், அணியம், கலப்பத்து முதலிய சொற்கள் வாழ்வது அகராதியில் மட்டுமன்று. அவற்றைப் படகு கட்டும் ஓடாவிகளின் நாவிலும் கையிலும் அவை வாழ்கின்றன. முதிய ஓடாவிகளை நாடிச் சென்று, அவர்தம் சொற்களையும் செய்முறைகளையும் பதிவுசெய்தல் தமிழ் பயிலும் மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப்பணியாகும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதனைத் தொடங்குதல் வேண்டும்.