'சமயச் சார்பின்மை': ஒரு சொல்லாய்வு

பிரெஞ்சு நாட்டுப் பள்ளிகளில் தலைத்துணி விலக்கப்பெற்றதைப் பற்றித் தமிழில் எழுதுவோர், அந்நாட்டார் வழங்கும் 'லாயிசிதே' என்னும் சொல்லைச் 'சமயச் சார்பின்மை' என்றே பெயர்க்கின்றனர். அப்பெயர்ப்பு முற்றும் பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

மக்களைக் குறிக்கும் 'லாவோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர். குருப்பட்டம் ஏலாத பொதுமக்களைச் சுட்டிய அடைமொழியினின்று இது கிளைத்தது. அரசையும் பள்ளியையும் குருமார் கையினின்று மீட்ட பூசல் இதனுள் உறைந்து கிடக்கின்றது. நம் 'சார்பின்மை'யில் அதன் சுவடு இல்லை.

எனினும், 1905 டிசம்பர் 9ஆம் நாட் சட்டத்தை நோக்குவார்க்கு நம் சொல் பொருந்துவதாகவே தோன்றும். எச்சமயத்தையும் அரசு ஏற்பதில்லை. எதற்கும் ஊதியமோ உதவிப்பொருளோ அளிப்பதில்லை. கட்டுப்பாடு அரசின்மேலதே, குடிகளின்மேலதன்று. அச்சட்ட விவாதத்தில், குருமார் நீளங்கியுடன் பொதுவிடங்களில் இயங்கலாகாது என ஓர் உறுப்பினர் திருத்தம் கொணர்ந்தார். அவையில் சட்டவரைவை விளக்கிய அரிஸ்தீத் பிரியான் அதனை மறுத்தார். விலக்கினால் குருமாரும் தையற்காரரும் கூடிப் புதியதோர் உடையை ஆக்கிவிடுவர் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று! திருத்தம் தோற்றது. (அந்நாளில் செருமானியர் ஆட்சியில் இருந்த அல்சாசு, மொசேல் பகுதிகளில் இச்சட்டம் இன்றும் செல்லாது, ஆண்டுக் குருமார்க்கு அரசே ஊதியம் தருகின்றது. 'பிரிக்கவொண்ணாக் குடியரசு' என 1958ஆம் ஆண்டு அரசமைப்புக் கூறும் நாட்டில் இது வியப்பே.)

கிரேய் நகரப் பள்ளியொன்றில் 1989இல் தலைத்துணி பற்றிய பூசல் எழுந்தபொழுதும், மாணவர் சமய அடையாளம் அணிதல் தன்னளவில் லாயிசிதேக்கு முரணன்று என்றே அரசவைத் தீர்ப்பாயம் கருத்துரைத்தது. 2004 மார்ச்சுச் சட்டமே நிலையை மாற்றிற்று. அரசுப் பள்ளி மாணவர் தம் சமயத்தை வெளிப்படக் காட்டும் குறியும் உடையும் விலக்கப்பட்டன. சீக்கிய மாணவரின் தலைப்பாகையும் இதனுள் அகப்பட்டது. சார்பின்றி நிற்கும் கடமை அரசினின்று மாணவன் உடல்மேல் ஏறிற்று. முகம் மறைத்தலை விலக்கிய 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சிலர் இதனோடு சேர்ப்பர், அது பிழை. அச்சட்டம் லாயிசிதேயின்மேல் எழுந்ததன்று; பொது ஒழுங்கின்மேல் எழுந்தது.

இந்திய அரசமைப்போ, 25ஆம் பிரிவின் விளக்கத்தில், கிருபாண் அணிதலும் ஏந்துதலும் சீக்கிய சமய ஒழுக்கத்துள் அடங்கும் என வெளிப்படக் கூறுகின்றது. ஈண்டும் பூசல் இல்லாமலில்லை. கருநாடகச் சீருடை வழக்கில் 2022இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் தம்முள் மாறுபட்டே தீர்ப்புரைத்தனர். ஆயினும் அடிப்படை வேறு. தலைப்பாகையை விலக்கும் நெறிக்கும் கிருபாணைக் காக்கும் நெறிக்கும் நாம் ஒரு பெயரே இடுவோமாயின், படிப்போர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வர். ஆதலின் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிக்குங்கால் 'சமயச் சார்பின்மை' எனலாம். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொள்கையைக் குறிக்குங்கால் 'லாயிசிதே' என்பதனைத் திசைச்சொல்லாகவே ஆளுதல் தகும் என்பது எம் கருத்து.