காற்றை விரட்டும் களிம்பு

துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் வெப்பம் வெளிப்படும். இன்டெலின் கோர் ஐ9-14900கே ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை எடுத்துக்கொள்கிறது. அத்தனையும் வெப்பமாக மாறுவது சுமார் 257 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரு சிலிக்கான் சில்லுக்குள். சதுர சென்டிமீட்டருக்கு 98 வாட் என்று கணக்கு வருகிறது. அதாவது இஸ்திரிப்பெட்டியைப் போலப் பதினாறு மடங்கு. ஆனாலும் அது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அந்த எல்லையை நெருங்கினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கித் திக்கி ஓடும், வீடியோ எடிட்டிங் முடியவே முடியாது.

இந்த வெப்பத்தைச் சுமந்துபோகத்தான் செப்பு அடித்தளமும் அலுமினியத் தகடுகளும் விசிறியும் கொண்ட கூலரை மேலே பொருத்துகிறோம். செப்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 400 வாட். ப்ராசஸரின் மேல்மூடியும் நிக்கல் பூசிய செப்புதான். அப்படியானால் செப்பின் மேல் செப்பை வைத்து அழுத்தினால் போதாதா, நடுவில் எதற்குத் தெர்மல் பேஸ்ட் என்ற ஒரு களிம்பு?

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பு உண்மையில் மேடு பள்ளம் நிறைந்தது. கடைசல் எந்திரம் விட்டுப்போன வரிகள் அதில் இருக்கும். மூடியும் முழுக்கச் சமதளமாக இருப்பதில்லை. இரண்டு பரப்புகளையும் சேர்த்து வைத்தால் மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். மொத்தப் பரப்பில் அது மிகச் சிறு பங்கு. மீதி இடம் முழுவதும் காற்று. காற்றின் கடத்துதிறன் வெறும் 0.025. செப்போடு ஒப்பிட்டால் பதினாறாயிரத்தில் ஒரு பங்கு.

இது எவ்வளவு பெரிய தடை என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட வெப்பக் கடத்தல் விதியே இதற்குப் போதும். மூடியின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர், அதன் வழியே 100 வாட் வெப்பம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவே 30 மைக்ரான் தடிமனுக்குக் காற்று மட்டும் இருந்தால் இரு பக்கத்துக்கும் 120 டிகிரி வித்தியாசம் வரும். அதே இடத்தில் கடத்துதிறன் 5 உள்ள சாதாரண தெர்மல் பேஸ்ட் இருந்தால் வித்தியாசம் 0.6 டிகிரிதான். செப்போடு வைத்துப் பார்த்தால் பேஸ்ட் மட்டமான கடத்தி. ஆனால் அது போட்டியிடுவது செப்போடு அல்ல, காற்றோடு. பள்ளங்களில் புகுந்து காற்றை வெளியேற்றுவது ஒன்றே அதன் வேலை.

அடுத்துச் சொல்லப்போவதைக் கணினி அசெம்பிள் செய்பவர்கள் மனதில் இருத்திக்கொண்டால் நல்லது. மேலே சொன்ன கணக்கில் கடத்துதிறன் 5-க்குப் பதில் 10 உள்ள விலை உயர்ந்த பேஸ்ட்டைப் போட்டால் மிச்சமாவது 0.3 டிகிரி. வெப்பம் மூடி முழுவதும் சீராகப் பரவாமல் சில்லுக்கு நேர் மேலே குவிவதால் நிஜத்தில் வித்தியாசம் இதைவிடக் கூடும். இரண்டு மூன்று டிகிரி கிடைக்கலாம். ஆனால் அதே சாதாரண பேஸ்ட்டை அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு அப்பினால் அந்தக் கணக்கிலேயே வித்தியாசம் 10 டிகிரிக்கு ஏறிவிடும். டப்பாவில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைவிடத் தடிமனே முக்கியம். சிலிகோன் எண்ணெயில் துத்தநாக ஆக்ஸைடு, அலுமினியம் ஆக்ஸைடு போன்ற நுண்துகள்களைக் குழைத்துச் செய்யும் இந்தப் பேஸ்ட்டில், துகள் பெரிதாக இருந்தால் படலம் ஓர் அளவுக்கு மேல் மெலியாது. அதனால் எண்ணில் முந்தும் பேஸ்ட் வேலையில் பிந்துவதும் உண்டு.

2012-இல் வந்த இன்டெலின் ஐவி பிரிட்ஜ் ப்ராசஸர்கள் இதற்கு நல்ல சான்று. அதற்கு முந்தைய சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் சில்லையும் மூடியையும் உலோகப் பற்றாசு வைத்து இணைத்திருந்தார்கள். ஐவி பிரிட்ஜில் அந்த இடத்தில் பேஸ்ட் வந்தது, வெப்பநிலை சட்டென்று ஏறியது. மலிவான பேஸ்ட்டைப் போட்டுவிட்டார்கள் என்று ஆர்வலர்கள் கொதித்தார்கள். பிளேடால் மூடியைக் கழற்றி வேறு பேஸ்ட் போட்டவர்களுக்கு வெப்பம் நன்றாகக் குறைந்தது. பேஸ்ட்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். ஆனால் பொறுமையாக அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. மூடியின் விளிம்பை ஒட்டியிருந்த கறுப்புப் பசை தடிமனாக இருந்ததால் மூடி சில்லிலிருந்து சற்றுத் தூக்கி நின்றது. அந்த இடைவெளியை நிரப்பிய பேஸ்ட் படலமும் தடித்துப்போனது. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு மூடியை இறக்கி வைத்ததே பெரும் பலனைத் தந்தது. 2018-இல் ஒன்பதாம் தலைமுறையின் உயர்ரக ப்ராசஸர்களில் பற்றாசு திரும்பி வந்தது.

சரி, எவ்வளவு வைக்க வேண்டும்? 10 சதுர சென்டிமீட்டர் பரப்பை 30 மைக்ரானுக்கு நிரப்ப வேண்டிய கொள்ளளவு 0.03 மில்லிலிட்டர். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையில் அது அடங்கிவிடும். பட்டாணி அளவு என்று எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கைவிடக் கூடுதல்தான். கொஞ்சம் கூடிவிட்டாலும் பயமில்லை. சாதாரண பேஸ்ட்டில் மின்சாரம் பாயாது. கூலரின் அழுத்தத்தில் அதிகப்படி ஓரமாகப் பிதுங்கி வந்துவிடும். குறைவாக வைப்பதுதான் ஆபத்து. மூலையில் காற்று தங்கிவிடும். பொட்டாக வைப்பதா, கோடாக இழுப்பதா, பெருக்கல் குறி போடுவதா என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் போன்ற அகன்ற மூடிகளுக்கு மட்டும் ஒரு பொட்டு போதாது, பல பொட்டுகள் வைக்க வேண்டும்.

பேஸ்ட்டைப் பரப்புவது விரல் அல்ல, அழுத்தம். அதனால் ஸ்க்ரூ முடுக்குவதில்தான் கவனம் வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூலர் சாய்ந்து, பேஸ்ட் ஒருபுறம் ஒதுங்கிவிடும். எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி, இரண்டிரண்டு சுற்றாக முடுக்க வேண்டும். அதற்கு முன் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது மாட்டியபடியே இருந்தால் எந்தப் பேஸ்ட்டாலும் பயனில்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சொல். கூலரால் ப்ராசஸரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறக்க முடியாது. அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கிறது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். 22 டிகிரி குளிரூட்டிய அறையில் 75 காட்டும் கணினி, மே மாதத்தில் 38 டிகிரி அறையில் 91-ஐத் தொடும். அங்கே அலட்சியமாக அப்பிய பேஸ்ட் சத்தமில்லாமல் தப்பித்துவிடும், இங்கே மாட்டிக்கொள்ளும்.

திரவ உலோகம் என்று காலியம் கலவை ஒன்று கிடைக்கிறது. கடத்துதிறனில் பேஸ்ட்டைவிடப் பல மடங்கு மேல். 2020-இல் சோனி தன் பிளேஸ்டேஷன் 5-இல் அதைத்தான் வைத்தது. வீட்டில் முயல்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி மதர்போர்டில் சிந்தினாலும் ஷார்ட் ஆகலாம். அலுமினியத்தின் மேல் பட்டால் அதற்குள் ஊடுருவி நொறுக்கிவிடும்.

பேஸ்ட் நிரந்தரமும் அல்ல. ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறும்போது உலோகம் விரிந்து சுருங்குகிறது; பேஸ்ட் சிறிது சிறிதாக வெளியே தள்ளப்படுகிறது, எண்ணெயும் வற்றுகிறது. மூடியே இல்லாமல் சில்லு நேரடியாகக் கூலரைத் தொடும் லேப்டாப்களில் இது சீக்கிரம் நடக்கும். முன்பு 70-இல் நின்றது அதே வேலைக்கு, அதே பருவத்தில், தூசி தட்டிய பிறகும் 85-க்குப் போனால் பேஸ்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம்.

கழற்றும்போது அவசரம் கூடாது. காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொள்ளும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசஸரின் அடியில்தான் கம்பிகள் இருக்கின்றன. கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டியிருந்த ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து கம்பிகள் வளைந்துவிடும். கணினியைப் பத்து நிமிடம் கடினமான வேலையில் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கைக்குத் தெரிந்த பிறகு தூக்குங்கள்.